அந்த வீட்டில் இரண்டே பேர்

டிஸ்க் உள்ளே போனது, கொஞ்ச நேரம் சுற்றியது, அப்புறம் நீலத் திரையில் 'ராங் ரீஜன்' என்று வந்து நின்றுவிட்டது. 2004 மே மாதம், மார்த்தாண்டம் பக்கத்தில் என் மாமியார் வீட்டு முன்னறை. அமெரிக்காவில் நர்ஸாக இருக்கும் நாத்தனார் லீவுக்கு வந்தபோது எனக்கென்று கொண்டுவந்த டிவிடி அது. 'மேட் அபவுட் யூ' என்ற காமெடித் தொடரின் முதல் சீசன். புதிதாகக் கல்யாணம் ஆன இரண்டு பேரின் கதை, உனக்குப் பிடிக்கும் என்று சொல்லித்தான் கையில் கொடுத்தார். எனக்குக் கல்யாணம் ஆகி அப்போது எட்டு மாதம். அதில் கணவரோடு ஒரே வீட்டில் இருந்தது 52 நாள். மஸ்கட் கம்பெனியில் அவருக்குக் கிடைத்த லீவு அவ்வளவுதான்.

அந்த டிஸ்க் ஏன் ஓடவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிவிடி வந்த காலத்தில் சினிமாக் கம்பெனிகள் உலகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் வைத்தார்கள். அமெரிக்கா 1, வளைகுடா நாடுகள் 2, இந்தியா 5. ஒரு படம் ஒரு நாட்டுத் தியேட்டரில் ஓடி முடிவதற்குள் இன்னொரு நாட்டு டிஸ்க் வந்து வியாபாரத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். எங்கள் வீட்டில் இருந்தது மஸ்கட்டில் வாங்கிய பிளேயர், டிஸ்க் அமெரிக்காவினுடையது, பார்க்கப்போகிறவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில். மூன்றும் சேராது. ஆனால் அந்தக் காலத்துப் பிளேயர்கள் பலவற்றில் இதற்கு ஒரு பின்வாசல் உண்டு. மார்த்தாண்டத்தில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த ஒரு பையன் டிரேயைத் திறந்து வைத்துக்கொண்டு ரிமோட்டில் நாலைந்து எண்களை அமுக்கினான், திரையில் ஒரு மெனு வந்தது, அதில் ரீஜனைப் பூஜ்யம் ஆக்கிவிட்டு "இனி எந்த ஊரு டிஸ்க்கும் ஓடும் அக்கா" என்றான். இது போக, டிவியில் படம் காட்டும் விதத்திலேயே அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறைக்கும் நம் ஊர் பிஏஎல் (PAL) முறைக்கும் வித்தியாசம் இருக்கிறது, நல்லவேளை வளைகுடாவில் இருந்து வந்த டிவி பெட்டிகள் எல்லா முறையையும் காட்டும். அதனால் படம் கறுப்பு வெள்ளையாகாமல், உருளாமல் வந்தது.

வந்த படத்தில் ஒரு வீடு. நியூயார்க்கில் ஓர் அபார்ட்மென்ட், ஒரு ஹால், ஒரு சமையலறை, ஒரு படுக்கையறை, மரே என்று ஒரு நாய். பால் பக்மன் டாகுமென்டரி எடுக்கிறவன், ஜேமி மக்கள் தொடர்பு வேலையில் இருக்கிறவள், கல்யாணம் ஆகி ஐந்து மாதம். பாலாக நடித்தவர் பால் ரைசர், டேனி ஜேகப்சனோடு சேர்ந்து இந்தத் தொடரை உருவாக்கியவரும் அவரே. ஜேமி, ஹெலன் ஹன்ட். என்பிசி சேனலில் 1992 செப்டம்பரில் தொடங்கி 1999 மே வரை ஏழு சீசன், 164 எபிசோட். இந்த வேடத்துக்காக ஹெலன் ஹன்ட் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு வருடம், டிவி நிகழ்ச்சிகளுக்குத் தரும் எம்மி விருது வாங்கினார். கடைசி சீசனில் இருவருக்கும் எபிசோடுக்குத் தலா பத்து லட்சம் டாலர் சம்பளம்.

முதல் எபிசோடில் இருவருக்கும் உள்ள பிரச்சினை, பல நாளாகத் தனியாக இருக்க நேரமே கிடைக்கவில்லை என்பது. அன்றைக்குப் பார்த்து வீட்டுக்கு விருந்தாளிகள் வந்துவிடுகிறார்கள். அவர்கள் ஹாலில் உட்கார்ந்திருக்க, இவர்கள் சமையலறைக்குள் ஒதுங்குகிறார்கள். ஸ்டுடியோவில் உட்கார்ந்து பார்க்கும் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, மூச்சு அடைத்தது. ஏனென்றால் அது அப்படியே எங்கள் 52 நாள். மறுவீடு, அப்புறம் சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றிலும் விருந்து, தக்கலையில் ஒரு பெரியம்மா, குளச்சலில் ஒரு சித்தப்பா, நாகர்கோவிலில் மூன்று வீடு, போகிற இடமெல்லாம் முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் சிப்ஸும், இரவு திரும்பி வந்தால் எங்களைப் பார்க்கவென்று வந்து தங்கியிருக்கும் ஆட்கள். ஒரே ஒரு வித்தியாசம், அந்த நியூயார்க் வீட்டில் விருந்தாளிகள் போன பிறகு கதவைச் சாத்தினால் இரண்டு பேர்தான்.

மாமியாரும் கூடவே உட்கார்ந்து பார்த்தார். நான் பேச்சைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பத்து நிமிடம் ஆனதும் கேட்டார்: "இவியளுக்க வீட்டுல பெரியவங்க ஒருத்தரும் இல்லியா மக்களே?"

"இல்ல மாமி. ரெண்டு பேருதான்."

"பின்ன சண்ட வந்தா யாரு வெலக்குவா?"

இந்த வகைக் காமெடியைப் பற்றி இதைவிட நல்ல கேள்வியை நான் எங்கும் பார்த்ததில்லை. விலக்க ஆள் இல்லை என்பதுதான் அதன் அடித்தளமே. மூன்றாவது ஆள் இருந்தால் சண்டை அந்த ஆளைப் பற்றியதாகிவிடும், மாமியார் கதையாகவோ மைத்துனன் கதையாகவோ திரும்பிவிடும். இரண்டே பேரை ஒரு வீட்டுக்குள் விட்டால்தான் ஈரத் துண்டு எங்கே கிடக்கிறது, யார் போனை எடுப்பது, விருந்துக்கு யாரைக் கூப்பிடுவது என்கிற சின்ன விஷயங்கள் கதையாக முடியும். பாலின் அம்மா சில்வியா வருகிறார், ஜேமி எதைச் செய்தாலும் குறை கண்டுபிடிக்கிறார் (இந்தக் காட்சிகளில் என் மாமியார் என்னைவிட அதிகம் சிரித்தார், சில்வியா பேச்சில் நியாயம் இருக்கிறது என்றும் சொன்னார்). ஆனால் சில்வியா வந்துவிட்டுப் போய்விடுகிறார். வாசல் கதவைத் தட்டி வருவதும் அதே கதவு வழியாகப் போவதும் இந்தக் கதைகளில் சும்மா இல்லை. அந்தக் கதவுக்கு உள்ளே இருப்பதைத்தான் புது வாழ்க்கை என்று அங்கே சொல்கிறார்கள்.

நம் நாட்டிலும் இதை முயன்று பார்த்திருக்கிறார்கள். 1984இல் தூர்தர்ஷனில் 'யே ஜோ ஹை ஜிந்தகி' வந்தது. சரத் ஜோஷி எழுதியது, ரஞ்சித், ரேணு என்று ஒரு இளம் தம்பதி. ஆனால் அந்த வீட்டில் ரேணுவின் தம்பி ராஜாவும் இருக்கிறான்! இரண்டு பேரை மட்டும் ஒரு வீட்டுக்குள் விட்டால் இங்கே பார்க்கிறவர்களுக்கு அது வீடாகவே தோன்றாது என்று நினைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். எங்கள் மாவட்டத்தில் அந்த வருடங்களில் ஆன்டெனாவைத் திருவனந்தபுரம் பக்கம் திருப்பி வைத்திருப்பார்கள், செய்தி மலையாளத்தில், வெள்ளிக்கிழமை ராத்திரி இந்த சீரியல் இந்தியில், வீட்டில் பேசுவது தமிழ். நடிகர் சதீஷ் ஷா வாராவாரம் ஒரு புது வேஷத்தில் வருவதை மொழி தெரியாமலே பார்த்துச் சிரித்த நினைவு பலருக்கும் இருக்கும்.

ஒரு விஷயம் தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. புதுத் தம்பதி கதை என்பது டிவிக்குப் பிறகு வந்து சேர்ந்த சரக்கு இல்லை, அமெரிக்க டிவியின் முதல் சிட்காமே (அதே ஆட்கள் வாராவாரம் வரும் காமெடித் தொடர்) அதுதான். 1947 நவம்பரில் டூமான்ட் என்ற நெட்வொர்க்கில் 'மேரி கே அண்ட் ஜானி' தொடங்கியது. நிஜத்திலும் கணவன் மனைவியான மேரி கே ஸ்டெர்ன்ஸ், ஜானி ஸ்டெர்ன்ஸ் இருவரும் நியூயார்க்கில் குடித்தனம் செய்யும் இளம் ஜோடியாக நடித்தார்கள், முதலில் பதினைந்து நிமிட நிகழ்ச்சி. யார் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்க அப்போது வழி இல்லை, விளம்பரம் கொடுத்த மருந்துக் கம்பெனி முதலில் எழுதும் 200 பேருக்கு முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று இலவசம் என்று அறிவித்துப் பார்த்தது, கிட்டத்தட்ட 9,000 கடிதம் வந்துவிட்டது. 1948 டிசம்பரில் அவர்களுக்கு மகன் பிறந்தான், அவனையும் கதைக்குள் கொண்டுவந்தார்கள். கணவனும் மனைவியும் ஒரே கட்டிலில் படுப்பதாகவும் காட்டினார்கள், அதில் யாருக்கும் தப்புத் தெரியவில்லை.

ஆனால் அதை இன்று பார்க்க முடியாது. நேரடி ஒளிபரப்பு அது. டிவி திரையைப் பார்த்தபடி ஒரு பிலிம் கேமராவை வைத்து எடுத்த பிரதிகள் இருந்தன, பின்னாளில் அவற்றில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு மேல் இரண்டு பேர் நடித்துக் காட்டிய குடித்தனத்தில் மிச்சம் இருப்பது இல்லை என்று சொல்லும் அளவுக்குக் கொஞ்சம்.

அப்படியானால் பிறகு வந்தவை எப்படிப் பிழைத்தன? அதற்குக் காரணம் 1951 அக்டோபரில் சிபிஎஸ் சேனலில் தொடங்கிய 'ஐ லவ் லூசி'. லூசில் பாலும் அவர் கணவர் டெசி ஆர்னஸும் ஹாலிவுட்டை விட்டு நியூயார்க் போக விரும்பவில்லை. அன்றைக்கு நிகழ்ச்சிகள் நியூயார்க்கில் நேரடியாக நடக்கும், மேற்குக் கரைக்கு மங்கலான திரைப் பிரதி போகும். ஹாலிவுட்டில் எடுத்தால் மங்கல் பிரதி நியூயார்க்குக்கு வரும், விளம்பரதாரர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. சரி, அப்படியென்றால் நல்ல 35 எம்எம் பிலிமிலேயே எடுத்துத் தருகிறோம் என்று இவர்கள் சொன்னார்கள். செலவு கூடும், அதை ஈடுகட்டத் தங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்கள், பதிலுக்கு அந்தப் பிலிம்கள் எங்களுக்குச் சொந்தம் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஜெர்மனியில் இருந்து வந்த கார்ல் ஃப்ராய்ண்ட் என்ற பெரிய ஒளிப்பதிவாளர் மூன்று கேமராக்களை ஒரே நேரத்தில் ஓட்டும்படி வெளிச்சம் அமைத்தார், எதிரே உட்கார்ந்து மக்கள் சிரிக்க, நாடகம் போலவே நடித்துப் பிலிமில் பதித்தார்கள். மறு ஒளிபரப்பு, பிறகு வீடியோ கேசட், பிறகு டிவிடி, எல்லாம் அந்தக் கையெழுத்தில் இருந்து வந்ததுதான். சோபாவை நடுவில் போட்டு, படியையோ கதவையோ பின்னால் வைத்து, ஒரு சுவரை மட்டும் எடுத்துவிட்ட அந்த வீடு 'மேட் அபவுட் யூ' வரைக்கும் அப்படியே வந்தது.

கதையில் லூசியும் அவள் கணவன் ரிக்கியும் தனித்தனிக் கட்டிலில் படுத்தார்கள். லூசில் பால் நிஜமாகவே கர்ப்பமானபோது அதைக் கதையில் சேர்த்தார்கள், ஆனால் 'கர்ப்பம்' என்கிற வார்த்தையைச் சொல்ல விடவில்லை. 1953 ஜனவரி 19 அன்று கதையில் லூசி பிரசவத்துக்குப் போனாள், அதே நாளில் நிஜத்திலும் குழந்தை பிறந்தது. சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஐசன்ஹோவர் ஜனாதிபதியாகப் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு.

நிஜக் கணவன் மனைவி ஜோடியாக நின்று மக்களைச் சிரிக்க வைப்பது என்றதும் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு வேறு இரண்டு முகங்கள்தான் ஞாபகம் வரும். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும். படப்பிடிப்பில் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள், லூசிக்கும் டெசிக்கும் பதினைந்து வருடம் முன்பே திரையில் புருஷன் பெண்டாட்டி சண்டையை ஒரு கலையாக்கியவர்கள். அவர்கள் காமெடியில் மதுரம் கேள்வி கேட்பார், மடக்குவார், சிலநேரம் ஜெயிக்கவும் செய்வார். அதற்கும் முன்னால், தேரூர்க்காரரான கவிமணி, சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள் வழிக் குடும்பத்துக்குள் ஒரு பெண் படும் பாட்டை அவள் வாயாலேயே சிரிக்கச் சிரிக்கச் சொல்ல வைத்து ஒரு மான்மியம் எழுதினார், சிரித்துக்கொண்டே படித்துப் போனால் ஓரிடத்தில் தொண்டை அடைக்கும். வீட்டுக்குள் நடப்பதை வைத்துச் சிரிக்க எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்களிடம் இல்லாதது அந்தச் சாத்திய கதவுதான், இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீடு.

'மேட் அபவுட் யூ' முதல் சீசன் டிவிடி 2002இல் வந்தது, இரண்டாவது 2003இல். மூன்றாவதற்கு 2007 ஆகிவிட்டது. இது இந்தத் தொடருக்கு மட்டும் நடந்ததில்லை. முதல் இரண்டு பெட்டிகளின் விற்பனையைப் பார்த்துத்தான் கம்பெனிகள் அடுத்ததைப் போடுவார்கள், இன்னொரு பக்கம் பாட்டு உரிமை இருக்கிறது. டிவியில் போடுவதற்கு மட்டும் பணம் கட்டி வாங்கிய பாட்டை டிஸ்க்கில் போட வேண்டுமென்றால் திரும்பவும் பேசிப் பணம் கொடுக்க வேண்டும். ரேடியோ நிலையத்தைப் பற்றிய ஓர் அமெரிக்கக் காமெடித் தொடரில், 'டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி', கதைக்கு உயிராக இருந்த பாட்டுகளையே எடுத்துவிட்டு வேறு இசையைப் போட்டு வெளியிட வேண்டி வந்தது. பல வருடம் கழித்து 'மேட் அபவுட் யூ' ஏழு சீசனும் ஒரே பெட்டியாக வந்தது.

வாரம் ஒன்றாகப் பார்ப்பதும் டிஸ்க்கில் வரிசையாகப் பார்ப்பதும் ஒன்றல்ல, இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். விளம்பரம் போக ஒரு எபிசோடு 22 நிமிடம். சண்டை தொடங்கும், முற்றும், ஒருவர் இறங்கி வருவார், சரியாகிவிடும். அடுத்த வாரம் பழையபடி இருவரும் சோபாவில். நம் மெகா சீரியலில் ஒரு பகை 400 எபிசோடுக்கு நிற்கும், மறக்காது, மன்னிக்காது. சிட்காம் வாராவாரம் மன்னிக்கிறது. வாரம் ஒன்று பார்த்த அமெரிக்கர்களுக்கு இது போதுமான ஆறுதல். டிஸ்க்கில் ஒரே ராத்திரியில் எட்டு எபிசோடு பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது: எதுவுமே முடியவில்லை. சில்வியாவைப் பற்றி ஒரு சீசனில் தீர்ந்த சண்டை அடுத்ததில் வேறு துணி கட்டிக்கொண்டு வருகிறது. நீ கேட்கவே இல்லை, நான் சொன்னேன், எப்போது சொன்னாய் என்பது ஏழு வருடமும் ஓடுகிறது. எழுதியவர்கள் திட்டமிட்டார்களோ இல்லையோ, டிஸ்க்குகளை வரிசையாக அடுக்கினால் அது ஒரு நீண்ட நாவல். நாலாவது சீசனில் கல்யாணமே உடையும் அளவுக்குப் போகிறது, ஐந்தாவதின் முடிவில் மேபெல் என்ற மகள் பிறக்கிறாள், 1999இல் வந்த கடைசி எபிசோடு பெரியவளான மேபெலின் வாயால் பின்னால் நடக்கப்போவதைச் சொல்கிறது, அதில் அப்பாவும் அம்மாவும் பிரிந்துபோய்த் திரும்பச் சேருகிறார்கள். 2019இல் அதே நடிகர்களை வைத்துத் திரும்ப எடுத்தபோது அந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு, மேபெல் கல்லூரிக்குப் போகும் நாளில் இருந்து தொடங்கினார்கள். எனக்குப் பழைய முடிவுதான் பிடித்தது, ஏனென்றால் அது சண்டைகளை மறந்துவிடவில்லை.

2004இல் எனக்கு இது ஏன் இவ்வளவு உறைத்தது என்றால், எங்களால் சண்டை போட முடியவில்லை. வெள்ளிக்கிழமை மஸ்கட்டில் லீவு, அன்றைக்கு மத்தியானம் போன் வரும், கார்டில் இருப்பது இத்தனை நிமிடம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். முதல் சில நிமிடம் மாமியாருக்கு, அப்புறம் நான். அந்த நிமிடங்களில் யார் சண்டை போடுவார்கள்? எல்லாம் நன்றாக இருக்கிறது, மழை பெய்தது, ரப்பர் வெட்டு இல்லை, அவ்வளவுதான். மனத்தாங்கல் இருந்தாலும் சொல்ல நேரம் போதாது, சொல்லி முடிப்பதற்குள் கட் ஆனால் அடுத்த வெள்ளிவரை அது இரண்டு பக்கமும் கிடந்து புளிக்கும். எங்கள் தெருவில் மட்டும் என் வயதில் இப்படி நாலு பேர் இருந்தோம். எங்கள் பெட்டிகளிலும் ஒரு ஹோம் வீடியோ இருந்தது, கல்யாணக் கேசட், மூன்று மணி நேரம், அதன் பிரதி ஒன்று வளைகுடாவில் அவர்கள் தங்கும் அறையில். அதில் இருநூறு பேர் வந்து போட்டோவுக்கு நிற்கிறார்கள், நாங்கள் ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதனால்தான் பாலும் ஜேமியும் ஒன்றுமில்லாத விஷயத்துக்கு அரை மணி நேரம் வாய்ச்சண்டை போடுவதைப் பார்க்கும்போது இவர்கள் எவ்வளவு பணக்காரர்கள் என்று தோன்றியது. நியூயார்க் வீட்டையோ வேலையையோ சொல்லவில்லை. வீணாக்க அவர்களுக்கு நேரம் இருந்தது.

என் கணவர் 2012இல் மஸ்கட்டை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். முழுப் பெட்டி வந்து, நாத்தனார் மறுபடியும் கொண்டுவந்து தந்து, மூன்று பேருமாக உட்கார்ந்து பார்த்தபோதுதான் ஆறாவது சீசனின் அந்த எபிசோடைப் பார்த்தேன். 1997 டிசம்பரில் வந்தது, பெயர் 'தி கான்வர்சேஷன்'. கைக்குழந்தை மேபெலைத் தானாகத் தூங்கப் பழக்க வேண்டும், அழுதாலும் தூக்கக் கூடாது என்று முடிவெடுத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு, பாலும் ஜேமியும் வெளியே தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே குழந்தை அழுகிறது. இவர்கள் பேசுகிறார்கள். அவ்வளவுதான் கதை. கேமரா ஓரிடத்தில் நிற்கிறது, கடைசிவரை ஒரு வெட்டும் இல்லை, ஒரே ஷாட். இப்படி ஒன்றை மேடையில் நடிப்பதே கஷ்டம், அவர்கள் கண் சிவப்பதும், ஒருவர் எழப் போய் மற்றவர் கையைப் பிடித்து உட்கார வைப்பதும், நடுவே பேச்சு வேறெங்கோ போய் ஒரு பழைய கோபத்தில் முட்டித் திரும்புவதும் நிறுத்தாமல் நடக்கிறது. கல்யாணத்தைப் பற்றி டிவியில் நான் பார்த்ததில் இதற்கு மேல் ஒன்று இல்லை.

என் கணவர் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியாருக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது, பாதி நேரம் டிவி முன்னால் தூங்கிவிடுவார், அன்றைக்குத் தூங்கவில்லை.

"பிள்ளய எடுக்கச் சொல்லு மக்களே."

"அதுவா தூங்கப் பழகணுமாம் மாமி."

"என்னத்தப் பழக? எடுக்கச் சொல்லு."

அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். எழுந்தவர் டிவியிடம் போகவும் இல்லை, திரும்பி உட்காரவும் இல்லை. ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே அந்தக் குழந்தை அழுது அடங்கும்வரை நின்றுகொண்டே இருந்தார்.